இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தையின் குடும்பத்திற்குத் துணை: செஞ்சி வட்டாரப் பெற்றோருக்கான வழிகாட்டி

உங்கள் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியிருந்தால், முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பகுதி குணப்படுத்தக்கூடியது. ஆனால், சிகிச்சையை இறுதிவரை முடிக்கும் குழந்தைக்கே அந்த வாய்ப்பு முழுமையாகக் கிடைக்கிறது. சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கலாம். அதில் பெரும்பகுதி மருத்துவமனையில் கழிவதில்லை; வீட்டிலும், பேருந்திலும், புறநோயாளிப் பிரிவின் வரிசையிலுமே கழிகிறது. ஆகவே குடும்பத்திற்குக் கிடைக்கும் துணை என்பது சிகிச்சைக்கு வெளியே உள்ள உதவி அன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. செஞ்சி, மேல்மலையனூர் பகுதிகளில் வாழும் பெற்றோரையும் உறவினரையும் மனத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

நோயைப் பற்றிச் சில அடிப்படைகள்

எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உருவாகின்றன. லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோயில், முதிர்ச்சியடையாத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜையை நிரப்பிவிடுகின்றன. இதனால் சிவப்பணுக்கள் குறைந்து குழந்தை வெளிறிச் சோர்வடைகிறது. தட்டணுக்கள் குறைவதால் தோலில் சிவப்புப் புள்ளிகளும் கன்றிய தடங்களும் தோன்றுகின்றன. ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிகிறது. நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளையணுக்கள் குறைவதால் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வருகிறது. எலும்பு வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டுதல், வயிறு பெருத்தல் ஆகியவையும் காணப்படலாம்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகை. இது இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் வருகிறது. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்பது அடுத்த வகை. அதன் சிகிச்சைக் காலம் குறைவு, ஆனால் கடுமை அதிகம்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கருவுற்றிருந்தபோது தாய் உண்டதாலோ, கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ, குழந்தையின் சாதகத்தாலோ வருவதில்லை. எங்கள் புறநோயாளிப் பிரிவில் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, ‘நான் செய்த ஏதாவது தவறா?’ என்பதுதான். இல்லை. இப்பதிலைத் தாய்க்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள மாமியார், நாத்தனார், அண்டை வீட்டார் அனைவருக்கும் சொல்லுங்கள். பழி சுமக்கும் தாயால் ஈராண்டுச் சிகிச்சையைத் தாங்கிச் செல்வது கடினம்.

குணமாகும் என்று எதனால் சொல்கிறோம்

1947-48ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளிடம் தற்காலிக நலம் ஏற்படுவதை முதன்முதலாகக் காட்டினார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அதே குழுவிலிருந்து வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் சிகிச்சையில் இன்றியமையாத மருந்தாக இருக்கிறது.

சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் அந்நிலையமும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸ் நிறுவனமும் ‘எம்.சி.பி. 841’ என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. அதற்கு முன்பு நம் நாட்டில் லிம்போபிளாஸ்டிக் வகை வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. அம்முறைக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயின்றி வாழும் நிலை உருவானது. அதன் பிறகு சிகிச்சை மேலும் முன்னேறியுள்ளது. உயர் வருவாய் நாடுகளில் இவ்வகை நோயுள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் குணமடைகின்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கான உலகளாவிய முன்முயற்சியைத் தொடங்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் புற்றுநோயுள்ள குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரைக் காப்பாற்றுவது அதன் இலக்கு. வளர்ந்த நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிற்கு மருந்தின் குறை மட்டும் காரணம் அன்று. தாமதமாக நோயறிதல், தொற்றினால் ஏற்படும் இறப்பு, பாதியில் சிகிச்சையைக் கைவிடுதல் ஆகியவையும் காரணங்கள். இவற்றில் கடைசி இரண்டையும் தடுப்பதில் குடும்பத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

சிகிச்சையின் கட்டங்களும் கைவிடும் ஆபத்தும்

லிம்போபிளாஸ்டிக் வகைக்கான சிகிச்சையின் முதல் கட்டம் ஏறத்தாழ ஒரு மாதம். இதில் குழந்தை பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கும். அடுத்து, மறைந்திருக்கும் நோயணுக்களை அழிக்கும் தீவிரக் கட்டங்கள் பல மாதங்கள் நடைபெறும். மூளையில் நோய் பரவாமல் தடுக்க முதுகுத் தண்டு நீரில் ஊசிமூலம் மருந்து செலுத்தப்படும். இந்த ஊசியால் குழந்தை முடமாகிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் செய்யும்போது இது பாதுகாப்பான முறையே. இறுதியாக, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை வீட்டிலேயே மாத்திரை உட்கொள்ளும் பராமரிப்புக் கட்டம் வரும்.

முதல் மாதம் முடியும்போது பெரும்பாலான குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை சீராகிவிடுகிறது. குழந்தை ஓடி விளையாடுகிறது, நன்றாக உண்கிறது. நோய் போய்விட்டது என்று குடும்பம் எண்ணுவது இயல்பு. ஆனால், அப்போதும் கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் உடலில் ஏராளமாக எஞ்சியிருக்கும். இந்நிலையில் நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முதல்முறையைவிட மிகக் கடினம்.

தொடர்ந்து நான்கு வாரங்களோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராதிருப்பதை மருத்துவ உலகம் ‘சிகிச்சையைக் கைவிடுதல்’ என்று வரையறுத்துள்ளது. பணம் தீர்ந்தது, நடவு வேலை, வீட்டில் இன்னொரு பிரசவம், கோயில் வேண்டுதல், வைத்தியர் ஒருவரின் வாக்குறுதி என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். எக்காரணமாயினும், போக முடியாது என்று தெரிந்த அன்றே சிகிச்சை மையத்திற்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். நாளை மாற்றித் தர இயலும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளக்கூடிய இரத்தப் பரிசோதனையை அங்கேயே செய்யச் சொல்லலாம். ஒரு முறை தவறவிட்டதற்காக மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி அடுத்த முறையும் போகாமல் இருப்பதே பெரிய இழப்பு. ஆறு வாரம் கழித்து வந்தாலும் வந்துவிடுங்கள்.

சித்த மருத்துவத்தையோ வேறு மருத்துவத்தையோ உடன் எடுத்துக்கொள்ள விரும்பினால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். சில மூலிகைகளும் பற்பங்களும் கல்லீரலைப் பாதித்து, புற்றுநோய் மருந்தையே நிறுத்த வேண்டிய நிலையை உருவாக்கும். ஊசியும் மாத்திரையும் வேண்டாம், இது மட்டும் போதும் என்று எவர் கூறினாலும் அதை ஏற்காதீர்கள்.

எங்கே சிகிச்சை பெறலாம்

செஞ்சி அரசு மருத்துவமனையில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால், குழந்தை மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும். முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்தின் முதன்மை மருத்துவமனை. புதுச்சேரி ஜிப்மர், செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

குழந்தைப் புற்றுநோய்க்கென மருத்துவர்கள் உள்ள ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே சிகிச்சையை முடிப்பது நல்லது. இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறில்லை; ஆனால் அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இடையில் மையம் மாறும்போது நாட்களும் ஆவணங்களும் தவறிவிடுகின்றன.

தேர்வு செய்யும்போது ஈராண்டுப் பயணத்தையும் கணக்கிடுங்கள். செஞ்சிக்கு இரயில் இல்லை. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய நிலையங்களுக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகப் பயணம் செய்ய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. நோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதிப் பெட்டியிலும் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கும் சலுகை உண்டு. இதற்கு, இரயில்வே வகுத்துள்ள படிவத்தில் மருத்துவமனையின் சான்று பெற்று, முன்பதிவு நிலையத்தில் நேரில் கொடுக்க வேண்டும்.

வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நெரிசலான பேருந்துப் பயணம் குழந்தைக்கு ஆபத்தானது. அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்வோரால் நம் பகுதிப் பேருந்துகள் நிரம்பி வழியும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மருத்துவமனை நாளைக் குறிக்கும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டி வந்தால் ஒருநாள் தள்ளிவைக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதெனில் விடியற்காலைப் பேருந்தில் முகக்கவசத்துடன் செல்லுங்கள். ஊசி நாளைத் தவறவிட அது காரணமாகிவிடக் கூடாது.

பணச்சுமையைக் குறைக்கும் வழிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, 2018ஆம் ஆண்டு பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இதில் ஒரு குடும்பத்திற்கு ஓராண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தை அணுக வேண்டும். பல குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: சிறு குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்படாமலே இருக்கும். பிறப்புச் சான்றிதழுடன் வட்ட வழங்கல் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ உடனே பெயரைச் சேருங்கள். குழந்தையுடன் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போதே மற்றொருவர் இவ்வேலையைத் தொடங்கலாம்.

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு, மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி, மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக உதவுகிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். எந்த மையத்தில் எந்தத் திட்டம் செல்லும் என்பதை அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளர் கூறுவார். சேர்க்கப்பட்ட முதல் வாரத்திலேயே அவரைச் சந்தியுங்கள். கையிலுள்ள பணம் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசுத் திட்டம் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. கடிதம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரைத் தவிர்த்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரடியாக மனு அளியுங்கள்.

காப்பீடு மருத்துவச் செலவைத் தாங்கும். இழந்த கூலியைத் தாங்காது. இருவரும் கூலிக்குச் செல்லும் வீட்டில் ஒருவர் குழந்தையுடன் தங்கினாலே வருமானம் பாதியாகும். நிலத்தையோ நகையையோ ஆடுமாடுகளையோ விற்பதற்கு முன், மேற்கண்ட வழிகள் அனைத்தையும் கேட்டுப் பாருங்கள். வெளியூரில் தங்க வாடகை இல்லா இடங்களும் உள்ளன. 2006ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் பராமரிப்பு மையங்கள், சிகிச்சைபெறும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் கட்டணமின்றித் தங்க இடமளிக்கின்றன. சென்னையிலும் வேலூரிலும் இவை உள்ளன. 2004ஆம் ஆண்டு முதல் செயல்படும் கேன்கிட்ஸ் அமைப்பும் குழந்தைகளின் சிகிச்சைக்கும் குடும்பத்திற்கும் உதவுகிறது. இத்தகைய உதவிகளுக்கு மருத்துவமனை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

காய்ச்சல்: காலை வரை காத்திருக்கக் கூடாது

இப்பக்கத்தில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் நினைவில் கொள்வதாக இருந்தால் அது இதுவாகவே இருக்கட்டும். புற்றுநோய் மருந்து வெள்ளையணுக்களைக் குறைக்கிறது. அந்நிலையில் வரும் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது.

வீட்டில் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வைத்திருங்கள். அக்குளில் வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் வைக்கக் கூடாது. உங்கள் மையம் வேறு அளவு கூறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையெனில், ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தாலோ, ஒரு மணி நேரமாக 100.4 டிகிரிக்குக் குறையாமல் இருந்தாலோ அது அவசர நிலை. காய்ச்சல் இல்லாமலே குழந்தை துவண்டு போதல், குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், கை கால் சில்லிடுதல், நிற்காத இரத்தக்கசிவு, வலிப்பு ஆகியவையும் அவசர நிலைகளே.

பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மருந்து காய்ச்சலைத்தான் மறைக்கும், தொற்றை நிறுத்தாது. ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. அவை இரத்தக்கசிவை அதிகமாக்கும். பின்புறத்தில் தசை ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ வண்டி பிடித்துச் செல்லும் நேரத்தில் நிலைமை கைமீறக்கூடும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இரத்தநாளம் வழியாகச் செலுத்தப்பட வேண்டும். எனவே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 ஊர்தியை அழையுங்கள். முதல் மருந்தைப் பெற்ற பின் மேல்சிகிச்சைக்குப் போகலாம்.

அங்கு பணியிலுள்ள மருத்துவருக்கு உங்கள் குழந்தையைத் தெரிந்திருக்காது. ஆகவே சிகிச்சை மையத்திடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் நோய், நடக்கும் சிகிச்சைக் கட்டம், கடைசியாக மருந்து செலுத்திய நாள், எடை, ஒவ்வாமை, காய்ச்சல் வந்தால் முதலில் கொடுக்க வேண்டிய மருந்து, மையத்தின் இருபத்துநான்கு மணி நேரத் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதன் ஒரு நகலைச் செஞ்சி அரசு மருத்துவமனையில் பகலில் சென்று கொடுத்து வையுங்கள். மற்றொரு நகல் வெப்பமானி இருக்கும் பையிலேயே இருக்கட்டும். இரவு யாருடைய வண்டி கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அம்மை கண்டால்

வீட்டிலோ பள்ளியிலோ தெருவிலோ எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், உங்கள் குழந்தைக்கு எதுவும் தெரியாவிட்டாலும் அன்றே மையத்திற்குத் தெரிவியுங்கள். முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் தடுப்பு மருந்து பயன்தரும். வேப்பிலை கட்டுவதையும் மாரியம்மனை வேண்டுவதையும் எவரும் தடுக்கவில்லை. ஆனால் இக்குழந்தைக்கு அம்மை வந்தால் மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நோயுள்ள குழந்தைக்கு எந்தத் தடுப்பூசியையும் மையத்தைக் கேட்காமல் போட வேண்டாம். வீட்டிலுள்ள பிற குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன்பும் கேளுங்கள். அவர்களின் மற்றத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

வீட்டில் மாத்திரையும் உணவும்

பராமரிப்புக் கட்டத்தில் 6-மெர்காப்டோபியூரின் மாத்திரை நாள்தோறும் கொடுக்கப்படும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கப்படும். இரண்டையும் மாற்றிக்கொண்டு மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரிடும். எனவே தனித்தனி டப்பாக்களில் வையுங்கள். வாராந்திர மாத்திரைக்கு ஒரு கிழமையைக் குறித்து, நாட்காட்டியில் வட்டமிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி மாத்திரை கொடுக்கும் வீடாக இருந்தால் டப்பாக்களுக்கு வெவ்வேறு நிறத் துணி சுற்றி அடையாளம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையை வீட்டு அம்மியிலோ உரலிலோ பொடிக்க வேண்டாம். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையைத் தவறவிடும்போது நோய் மீளும் வாய்ப்பு கூடுகிறது.

உணவில் தடை குறைவு, தூய்மைதான் முக்கியம். கொதித்து ஆறிய நீர், அப்போது சமைத்த சூடான சோறு, பருப்பு, நன்கு வெந்த முட்டை, மீன், இறைச்சி ஆகியவை ஏற்றவை. வாழை, சாத்துக்குடி போலத் தோலுரித்து உண்ணும் பழங்களைக் கொடுக்கலாம். பழைய சோறும் புளித்த கூழும் நல்ல உணவுகளே ஆயினும், அணுக்கள் குறைந்த காலத்தில் இக்குழந்தைக்கு வேண்டாம். கேழ்வரகைச் சூடான களியாகவோ கஞ்சியாகவோ கொடுங்கள். கடையில் வெட்டிவைத்த பழம், ஐஸ், சாலையோரச் சட்னி ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஸ்டீராய்டு காலத்தில் குழந்தை ஓயாமல் பசிக்கிறது என்று அழும், கோபப்படும். அது மருந்தின் விளைவு, பிடிவாதம் அன்று.

ஊராரும் உறவினரும் என்ன செய்யலாம்

நோயுற்ற குழந்தையைப் பார்க்கப் பத்துப் பேர் கூடி வருவதைவிட, பத்துப் பேர் ஆளுக்கொரு வேலையை ஏற்பதே உண்மையான துணை. ஒருவர் மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். ஒருவர் இரவு வண்டிக்குப் பொறுப்பேற்கலாம். சளி, இருமல் உள்ளவர்கள் நலமான பிறகு வரட்டும்.

இரத்தம் பல முறை தேவைப்படும். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமிக்க முடியாது. எனவே ஊர் இளைஞர்கள் ஒரே நாளில் அனைவரும் கொடுத்துவிடாமல், பட்டியலிட்டு முறைவைத்துக் கொடுப்பது நல்லது. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடைக்குக் குறையாமல், உடல் நலத்துடன் இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் முழு இரத்தம் கொடுக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள குழந்தைக்குப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இரத்தம் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் மஜ்ஜை மாற்று தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால், ஓர் உடன்பிறப்பின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

குழந்தை, உடன்பிறந்தோர், பெற்றோர்

நான்கு வயதுக் குழந்தைக்கும் தன் உடலில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். ‘உன் இரத்தத்தில் ஒரு நோய் இருக்கிறது, அதைப் போக்க ஊசியும் மாத்திரையும் போடுகிறோம், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை’ என்று எளிமையாகக் கூறுங்கள். வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். முடி கொட்டும் என்பதையும் அது திரும்ப வளரும் என்பதையும் முன்பே கூறிவிடுங்கள்.

வீட்டில் விட்டுச் செல்லப்படும் அண்ணனோ தங்கையோ பேசாமல் துன்பப்படுகிறார்கள். தாம் சண்டையிட்டதால்தான் நோய் வந்தது என்று எண்ணுவோரும் உண்டு. நாள்தோறும் ஒருமுறை அவர்களுடன் தொலைபேசியில் பேசுங்கள். ஒருமுறையாவது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

பள்ளியிலிருந்து பெயரை நீக்கிவிடாதீர்கள். தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றை அளித்து, வீட்டுப் பாடம் கேளுங்கள். பராமரிப்புக் கட்டத்தில் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பலாம். இந்நோய் தொற்றாது என்பதை வகுப்பாசிரியர் மற்ற மாணவரிடம் ஒருமுறை கூறினால் போதும்.

பெற்றோராகிய உங்களுக்கும் உறக்கமின்மை, அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஏற்படலாம். தந்தை மதுவில் ஆறுதல் தேடுவதும், தாய் உணவைத் துறப்பதும் குழந்தையைத்தான் பாதிக்கும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் 104 என்ற எண்ணிலும் தமிழில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

குணப்படுத்த இயலாத நிலையில்

சில குழந்தைகளுக்கு எல்லா முயற்சிக்குப் பின்னும் நோய் திரும்பி, குணப்படுத்தும் வழி இல்லாமல் போகலாம். அப்போதும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. வலி, மூச்சுத்திணறல், இரத்தக்கசிவு ஆகியவற்றைத் தணிக்கும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை உண்டு. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இச்சேவை அளிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குழந்தை எங்கே இருக்க விரும்புகிறது, யார் அருகில் இருக்க வேண்டும் என்பதை அறிந்து நடப்பது தோல்வி அன்று. கடன் வாங்கி இன்னோர் ஊருக்குத் தூக்கிச் செல்வதற்கு முன், அதனால் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சிகிச்சை முடிந்த பின்

கடைசி மாத்திரைக்குப் பின்னும் பல ஆண்டுகள் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடியும் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் அழைப்பார்கள். இதயம், வளர்ச்சி, எலும்பு, படிப்பு ஆகியவை கவனிக்கப்படும். விடுபட்ட தடுப்பூசிகள் மீண்டும் போடப்படும். சிகிச்சைச் சுருக்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வளர்ந்த பின் அது உங்கள் மகனுக்கும் மகளுக்கும் தேவைப்படும். குணமடைந்த குழந்தை படிக்கலாம், விளையாடலாம், வேலைக்குச் செல்லலாம், மணமுடிக்கலாம்.

இன்றே செய்ய வேண்டியவை

குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் உள்ளதா என்று பாருங்கள். மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். வெப்பமானி வாங்குங்கள். காய்ச்சல் கடிதத்தைப் பெற்று, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த மருத்துவமனை நாளை, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். அந்த நாளில் என்ன தடை வந்தாலும், தொலைபேசியில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.